தலைகீழாக வைத்த தாள்

அந்த வீட்டில் யாராவது ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் போதும், கண்ணில் மருந்து விழுந்துவிடும். கணவருக்கு விழுந்தது. கணவரின் தம்பிக்கு இரண்டு முறை விழுந்தது, அதற்குப் பிறகு அவர் அண்ணன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் போன் போட்டு, "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்கூட ஒருமுறை மயிரிழையில் தப்பினார்.

மருந்து ஒன்றும் கெட்டதில்லை. கண்ணின் பாவையை விரிய வைக்கிற சொட்டு மருந்து, அவ்வளவுதான். பாவை விரிந்தால் கண்ணுக்குள் அடி வரைக்கும் பார்க்கலாம். பார்க்கிறவருக்கு அதில் வசதி. பார்க்கப்படுகிறவருக்கோ அடுத்த அரை நாளுக்குக் கூச்சம் தாங்காது, எழுத்தெல்லாம் மங்கிவிடும். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு நாள் அவர் கறுப்புக் கண்ணாடியோடு வகுப்புக்குப் போக, தலைமையாசிரியர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், நடிக்கப் போறீங்களா?"

"வீட்ல படிக்கிறாங்க சார்," என்றார் வாத்தியார், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. தலைமையாசிரியருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

படிக்கிறவர் வாத்தியாரின் மனைவி, வயது முப்பத்தாறு. காய்ச்சல், இருமல், வயிற்றுவலி என்று பத்து வருஷம் ஒரு சின்ன கிளினிக்கில் வைத்தியம் பார்த்தவர். கண்ணில் கோளாறு என்று யார் வந்தாலும் ஒரு சீட்டில் "கண் டாக்டரைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்து அனுப்புவார். எழுதி எழுதி ஒரு நாள் அவருக்கே அலுத்துப்போனது. அந்தச் சின்ன உருண்டைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என முடிவு செய்து, பரீட்சை எழுதி, பெரிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்துவிட்டார்.

கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் அவரைவிடப் பத்து வயது சின்னவர்கள். வேலையில் மட்டும் அவருக்கு மூத்தவர்கள். அதனால் திட்டுவதையும் மரியாதையாகத் திட்டினார்கள். "அக்கா, இது தப்பு." "அக்கா, இதைக்கூடவா பாக்கல?" நாளடைவில் நர்சுகளும் அக்கா என்றார்கள்; வாசலில் டோக்கன் கொடுக்கிறவர் அக்கா டாக்டர் என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. விழித்திரைப் பிரிவின் தலைமை டாக்டர், கல்லூரியில் அக்கா டாக்டருக்கு இரண்டு வருஷம் ஜூனியர். விடுதி மாடியில் நிற்க வைத்து அவரைப் பாட்டுப் பாடச் சொன்னதே இந்த அக்காதான். இப்போது அந்தப் பெண் முன்னால் வந்தால் இவர் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்று சொல்ல வேண்டும். மேடமும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு சிரிப்பும் சிரிக்காமல், "உக்காருங்க டாக்டர்," என்பார். பாட்டைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விட்டதில்லை.

விழித்திரைப் பிரிவு ஒரு இருட்டறை. ஜன்னல்களில் கறுப்புத் திரை. சுவரோரமாக ஒரு பெஞ்சு. அதில் மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் நோயாளிகள். அங்கே வேலை செய்கிறவர்கள் தலையில் ஒரு வளையம் மாட்டிக்கொள்வார்கள். அதன் நெற்றியில் விளக்கு. கையில் தடிமனான ஒரு கண்ணாடி வில்லை. விளக்கின் வெளிச்சம் வில்லை வழியாக நோயாளியின் கண்ணுக்குள் போய், உள்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையைக் காட்டும். காட்டும் என்று சொல்லுகிறார்களே தவிர, முதல் இரண்டு மாதம் அக்கா டாக்டருக்கு அது எதையும் காட்டவில்லை. வெளிச்சம் தெரிந்தது, தன் கை நடுங்குவது தெரிந்தது, நோயாளி கொட்டாவி விடுவது தெரிந்தது. விழித்திரை மட்டும் தெரியவில்லை.

தெரிய ஆரம்பித்த பிறகும் நிம்மதி இல்லை. அந்த வில்லை எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும். மேலே இருப்பது கீழே தெரியும். இடது வலதாகத் தெரியும். இதற்கு அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. பார்த்ததை வரைகிற தாளைத் தலைகீழாகத் திருப்பி, படுத்திருக்கும் நோயாளியின் நெஞ்சின்மேல் வைத்துக்கொள்வார்கள். கண்ணில் எங்கே தெரிகிறதோ அதே இடத்தில் யோசிக்காமல் வரைந்துவிடுவார்கள். முடித்துவிட்டுத் தாளை நேராகத் திருப்பினால் எல்லாம் சரியான இடத்துக்கு வந்துவிடும். சுவரோடு ஒட்டியிருக்கும் விழித்திரைக்குச் சிவப்புப் பென்சில். பிய்ந்து வந்துவிட்ட விழித்திரைக்கு நீலம்.

வீட்டில் இதெல்லாம் நடக்குமா? வாத்தியாரை நாற்காலியில் உட்கார வைப்பதே பெரும்பாடு. நெஞ்சின்மேல் தாள் வைக்க அவர் விடுவாரா? அதனால் வீட்டுப் பயிற்சிக்கு அக்கா டாக்டர் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார். பார்க்கும்போதே மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்வது. கீழே தெரிந்தால் மேலே, வலது என்றால் இடது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் இதைச் செய்து செய்து, கடைசியில் யோசிக்காமலே திரும்பும்படி மூளை பழகிவிட்டது. தன் சாமர்த்தியத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் சாவிக்காரர் வந்து சேர்ந்தார்.

மார்க்கெட் பக்கம் நடைபாதையில் உட்கார்ந்து சாவி செய்து கொடுக்கிறவர். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். இடது கண் எப்போதோ, வேலை கற்றுக்கொள்ளும் வயதில், கம்பி தெறித்துப் போய்விட்டது. அந்த இமை ஒட்டியே கிடந்தது. மிச்சம் இருந்தது வலது கண் ஒன்றுதான். அந்தக் கண்ணில் மூன்று நாளாகக் கரும்புள்ளிகள் பறக்கின்றன, ஓரத்தில் திரை போட்ட மாதிரி மறைக்கிறது என்று வந்தார்.

மேடம் பார்த்தார். முகம் மாறியது. விழித்திரை சுற்றிலும் பிய்ந்துவிட்டது. பார்வையின் உயிரான நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் பிய்ந்துவிட்டால் ஆபரேஷன் செய்தாலும் பழைய பார்வை வராது. எங்கோ ஒரு சின்னத் துளை விழுந்து, அதன் வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் நீர் விழித்திரைக்குப் பின்னால் புகுந்து பிய்த்துக்கொண்டே வருகிறது. அந்தத் துளை எங்கே என்று தெரிந்தால்தான், அதற்கு நேராகக் கண்ணின் வெளிச்சுவரில் ஒரு பட்டையை வைத்துத் தைத்து அடைக்க முடியும். மேடமுக்குத் துளை கிடைக்கவில்லை. மூத்த பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேர் பார்த்தார்கள்; அவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் மேடமுக்கு வேறு கேஸ் காத்திருந்தது.

"நாளைக்குக் காலையில முதல் கேஸ் இவர்தான். அதுக்குள்ள துளை வேணும்," என்று சொல்லிவிட்டு மேடம் கிளம்பினார். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அக்கா டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னொருத்தரா?" என்றார் சாவிக்காரர், படுத்தபடியே.

"நான்தாங்க கடைசி."

"எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. பாருங்க, பாருங்க. இருக்கறதே ஒண்ணு. அதுலயும் இவ்வளவு பேர் பாத்தாச்சு."

அக்கா டாக்டரிடம் திறமை கம்மியாக இருக்கலாம். பொறுமை ஏராளமாக இருந்தது. பத்து வருஷம் இருமலைக் கேட்ட காதுகள் அவை. ஒரு சின்னக் கம்பியால் கண்ணின் ஓரத்தை வெளியிலிருந்து லேசாக அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவந்தார். கீழே பார்க்கச் சொன்னால் கண்ணின் கீழ்ப்பகுதி தெரியும், மேலே பார்க்கச் சொன்னால் மேல்பகுதி. அவர் சொல்லச் சொல்ல, சாவிக்காரர் முனகிக்கொண்டே கண்ணை உருட்டினார்.

"இப்போ வலது காதுக்கு மேல பாருங்க. இன்னும் மேல."

"அங்க என்ன இருக்கு? ஒட்டடைதான் இருக்கு. உங்க ஆஸ்பத்திரியில கூட்டறதுக்கு ஆளே இல்லையா?"

அப்போதுதான் அது தெரிந்தது. ஓரத்திலும் ஓரத்தில், ஒரு மடிப்புக்குப் பின்னால், நகத்தால் கிள்ளிய மாதிரி ஒரு சிவப்பு. கம்பியை எடுத்தார், மறைந்தது. மறுபடி அழுத்தினார், வாயைத் திறந்தது. துளைதான். சந்தேகமே இல்லை. மேடமுக்கே தெரியாத துளை!

அக்கா டாக்டருக்குக் கை கால் ஓடவில்லை. நெஞ்சின்மேல் தலைகீழாக வைத்திருந்த தாளில் சுற்றிலும் நீலம் தீட்டினார், நடுவில் சிவப்பு தீட்டினார், துளையைக் குறித்தார். தாளை நேராகத் திருப்பிப் பார்த்தார். துளை கீழே, மூக்குப் பக்கமாக விழுந்திருந்தது. தியேட்டருக்கு ஓடி, இரண்டு கேஸுக்கு நடுவில் மேடமிடம் காட்டினார். மேடம் கையுறையோடு தாளைத் தொடாமல் பார்த்தார்.

"நீங்களா கண்டுபிடிச்சீங்க?"

"ஆமா மேடம்."

"வெரி குட். கீழ துளைன்னா அவரைப் படுக்க விடாதீங்க. நேரா உக்கார வைக்கணும். துளை இருக்கற பக்கம் தாழ்வா இருந்தாத்தான் நீர் நடுவுக்குப் பரவாது. காலை வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

சாவிக்காரரை வார்டுக்கு அனுப்பி, தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அக்கா டாக்டர் பஸ் ஏறினார். அன்றைக்கு ஜன்னல் ஓர சீட்டு வேறு கிடைத்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் பஸ்ஸில் போய் ரொம்ப நாளாயிற்று.

வீட்டுக்குப் போனதும், போன கையோடு சொட்டு மருந்தை எடுத்தார். வாத்தியார் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாமே. நாளைக்குப் பரீட்சை இருக்கு."

"பரீட்சை பசங்களுக்குத்தானே? உங்களுக்கு என்ன? இன்னைக்கு நான் யாருக்கும் கிடைக்காத துளையைக் கண்டுபிடிச்சிருக்கேன். உங்களுக்கும் ஏதாவது கண்டுபிடிச்சுத் தரேன்."

கண்டுபிடித்தும் விட்டார். வாத்தியாரின் வலது கண்ணுக்குள், ஓரமாக, மிளகு அளவுக்கு ஒரு மச்சம். கெடுதல் இல்லாத சாதாரண மச்சம்தான். இத்தனை நாள் பார்த்தும் கண்ணில் படாதது.

"உங்க கண்ணுக்குள்ள ஒரு மச்சம் இருக்குங்க!"

"கண்ணுக்குள்ளயா? அதுக்கு என்ன பலன்?"

"பொண்டாட்டிக்கு அடங்கி இருப்பீங்கன்னு பலன். இருங்க, எங்க இருக்குன்னு வரைஞ்சு காட்டறேன்."

வில்லையில் கீழ்ப்பக்கம், வலது ஓரம் தெரிந்தது. மேசைமேல் நேராகக் கிடந்த காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, மேல்பக்கம், இடது ஓரம் புள்ளி வைத்தார். மனசு தானாகத் திருப்பிப் போட்டது. கை தானாக வரைந்தது. வாத்தியாரிடம் பெருமையாகக் காகிதத்தை நீட்டினார்.

நீட்டிய கை பாதியில் நின்றது.

இந்தக் கை மத்தியானமும் இதைத்தானே செய்தது? கீழே தெரிந்த துளையை மனசு மேலே என்று மாற்றியது. கை மேலே என்று வரைந்தது. ஆனால் மத்தியானம் தாள் நேராகவா இருந்தது? தாளும் தலைகீழாக அல்லவா இருந்தது! மனசும் திருப்பி, தாளும் திருப்பி... அப்படியானால் துளை இப்போது தாளில் எங்கே இருக்கிறது? அது இருக்கக்கூடாத இடத்தில், நேர் எதிர் மூலையில்.

ஒருவேளை சரியாகத்தான் வரைந்தோமோ என்று நினைத்துப் பார்த்தார். மனசுக்கு அந்த ஆறுதல் வேண்டியிருந்தது. ஆனால் சாவிக்காரர் ஒட்டடை என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வலது காதுக்கு மேலே பார்க்கச் சொன்னபோதுதான் துளை தெரிந்தது. மேலே பார்த்தால் மேல்பகுதிதான் தெரியும். அதில் வில்லைக்கும் வேலை இல்லை, தாளுக்கும் வேலை இல்லை. துளை மேலேதான் இருக்கிறது, காதுப் பக்கமாக. அந்த மனிதரோ தன் பேச்சைக் கேட்டு, மூன்று மணி நேரமாக நேராக உட்கார்ந்திருக்கிறார். மேலே உள்ள துளை வழியாக நீர் இறங்கி இறங்கி நடுப்பகுதிக்கு வந்துகொண்டிருக்கும். இருக்கிற ஒரே கண்.

வார்டுக்குப் போன் போட்டார்.

"சிஸ்டர், சாவிக்காரரை உடனே படுக்க வைங்க. மட்டமா. முகம் வலது பக்கம் சாய்ஞ்சிருக்கணும்."

"என்னக்கா, இப்பத்தான் உக்காரச் சொன்னீங்க. மேடம் ஆர்டர்னு எழுதியிருக்கே?"

"மேடம் ஆர்டர் என் தப்பால வந்தது. நான் மேடம்கிட்ட சொல்லிக்கறேன். நீங்க முதல்ல படுக்க வைங்க தாயே!"

அடுத்த போன் போடத்தான் கை வரவில்லை. மத்தியானம் "வெரி குட்" சொன்ன வாய். விடுதி மாடியில் பாடிய வாய். மற்றவர்களுக்கெல்லாம் அக்கா என்ற மரியாதையாவது உண்டு; இனிமேல் அதுவும் போச்சு. வாத்தியார் விரிந்த பாவையோடு எதிரில் நின்றிருந்தார். மனைவியின் முகம் அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் செருப்பைத் தேடி எடுத்து அக்கா டாக்டரின் காலடியில் போட்டார்.

"போன்ல பேசிக்கிட்டே நட. நான் ஆட்டோ பிடிக்கிறேன்."

"உங்களுக்கு ஆட்டோவே தெரியாதே இப்போ?"

"சத்தம் கேக்குமில்ல?"

ஆட்டோவில் உட்கார்ந்து அக்கா டாக்டர் மேடமுக்குப் போன் போட்டார். சுற்றி வளைக்கவில்லை. "மேடம், நான் துளையைத் தலைகீழா வரைஞ்சுட்டேன். மனசுலயும் திருப்பிட்டேன், தாள்லயும் திருப்பிட்டேன். துளை மேல இருக்கு. படுக்க வைக்கச் சொல்லிட்டேன். போயிட்டு இருக்கேன்."

"நடுப்பகுதி ஒட்டியிருக்கான்னு பாத்துட்டு போன் பண்ணுங்க," என்றார் மேடம். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வார்டில் சாவிக்காரர் மட்டமாகப் படுத்திருந்தார். "உக்காருன்னாங்க, உக்காந்தேன். படுன்னாங்க, படுத்தேன். அடுத்து நிக்கணுமா?"

அக்கா டாக்டர் விளக்கை மாட்டிக்கொண்டு குனிந்தார். வில்லையை நேராக்கினார். நீலச் சாம்பல் நிறத்தில் அலை அலையாகப் பிய்ந்த விழித்திரை. அது மத்தியானத்தைவிட நடுவுக்கு நெருங்கி வந்திருந்தது. நன்றாகவே நெருங்கியிருந்தது. ஆனால் நடுவில், அந்தச் சின்னச் சிவப்பு, இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா டாக்டர் மூச்சை விட்டார். பிறகு வலது காதுக்கு மேலே பார்க்கச் சொன்னார். துளை அங்கேயே இருந்தது.

இந்தத் தடவை தாளை நேராக வைப்பதா, திருப்பி வைப்பதா என்று அவர் யோசிக்கவே இல்லை. தாளையே எடுக்கவில்லை. போனை எடுத்து, "நடு ஒட்டியிருக்கு மேடம். துளை மேல, காதுப் பக்கம்," என்றார்.

"அங்கயே இருங்க. காலை வரைக்கும் அவர் தலை திரும்பாமப் பாத்துக்கங்க," என்றார் மேடம். பிறகு, வைப்பதற்கு முன்னால், "அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார்.

சாப்பிடவில்லை என்று அக்கா டாக்டர் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த வாத்தியார், கேன்டீன் எது கழிப்பறை எது என்று தெரியாமல் தட்டுத்தடுமாறி, எப்படியோ இரண்டு பன் வாங்கி வந்துவிட்டார்.

காலையில் ஆபரேஷன் நடந்தது. அக்கா டாக்டர் சொன்ன இடத்தில் மேடம் பார்த்தார், துளை இருந்தது, பட்டையை வைத்துத் தைத்தார். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மறுநாள் கூட்டத்தில், இளம் டாக்டர்கள் எல்லாரும் இருக்க, அக்கா டாக்டரே எழுந்து நின்று தான் செய்ததைப் படம் போட்டுச் சொன்னார். வீட்டில் ஒரு பழக்கம், ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம், இரண்டும் மோதினால் என்ன ஆகும் என்று சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கி, "அக்கா, நானும் மனசுலதான் திருப்பறேன்," என்றான். இன்னும் இரண்டு கைகள் மெதுவாக உயர்ந்தன.

இரண்டு வாரம் கழித்து சாவிக்காரர் வந்தார். கண் சிவப்பு குறைந்திருந்தது. அக்கா டாக்டர் அவரைப் பார்வை சோதிக்கிற அறைக்குக் கூட்டிப்போனார். விளக்கை அணைத்தால் எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் ஒளிரும். நாற்காலியில் உட்கார வைத்து, பழக்க தோஷத்தில் அவருடைய இடது கண்ணை அட்டையால் மூடினார்.

"அதை எதுக்கு மூடறீங்க? அது மூடி முப்பது வருஷத்துக்கு மேலாச்சு."

"ஸாரிங்க. படிங்க."

முதல் எழுத்து. இரண்டாவது வரி. மூன்றாவது. சாவிக்காரர் அவசரப்படாமல், எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப் போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான்காவதில் ஒன்று தடுமாறினார், தானே திருத்திக்கொண்டார். ஐந்தாவது வரியும் வந்துவிட்டது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் அக்கா டாக்டர். "அன்னைக்கு உங்களை உக்கார வைச்சது என் தப்பு. நான் மாத்தி வரைஞ்சுட்டேன். கொஞ்ச நேரம் போயிருந்தா இந்த வரியெல்லாம் உங்களால படிச்சிருக்க முடியாது."

சாவிக்காரர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆறாவது வரியைப் படித்தார். அதில் பாதிதான் வந்தது. பிறகு திரும்பி, இருட்டில் நின்றிருந்த அக்கா டாக்டரைப் பார்த்தார்.

"எனக்குக் கோபம் வருது டாக்டர். வராம இருக்குமா? ஆனா நீங்க ஏன் அழறீங்க?"

"நான் எங்க அழறேன்? இந்த இருட்டுல உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியுதே," என்றார் சாவிக்காரர். "கன்னத்துல இறங்குது பாருங்க. உங்களுக்கு இடது பக்கம்."

அக்கா டாக்டர் கையைக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம்தான்.